புலன்வழியின் திசை கண்டவர்

நுழையும்முன்

கண் ஒளியைப் பெறுகிறது. செவி ஒலியைப் பெறுகிறது. மூக்கு மணத்தையும் வாய் சுவையையும் மெய் தொடுதலையும் உணர்கின்றன. ஆனால், மண்டையோட்டின் இருளுக்குள் இருக்கும் மூளையை ஒளியும் ஒலியும் நேராகச் சென்று அடைவதில்லை. அவ்வாறிருக்க, மூளை உலகை எவ்வாறு அறிகிறது? ஐம்புலன்களும் பெற்ற செய்தி எவ்வழியே, எத்திசையில் மூளையைச் சென்று சேர்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளை நுண்ணோக்கியின் முன் செலவிட்ட ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. ஓவியராக விரும்பி மருத்துவரான அவர், அவ்விரு துறைகளையும் ஒன்றாக்கி நரம்பியலுக்கு அடித்தளம் அமைத்தார்.

தூரிகை ஏந்திய சிறுவன்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள பெட்டிலா டி அரகோன் என்னும் மலைச் சிற்றூரில், 1852ஆம் ஆண்டு மே முதல் நாள் சாந்தியாகோ ராமோன் இ கஹால் பிறந்தார். தந்தையார் ஹுஸ்டோ ராமோன். தாயார் அந்தோனியா கஹால். வறுமையில் பிறந்து, அறுவை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, பின்னர் முறையாகப் படித்து மருத்துவப் பட்டம் பெற்றவர் தந்தையார். உழைப்பால் உயர்ந்த அவருக்குத் தம் மகனும் மருத்துவராக வேண்டும் என்பதே ஒரே விருப்பம். மகனுக்கோ கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும். சுவரும் கதவும் தாளும் ஓவியமாகிவிடும்.

இவ்விருவரின் விருப்பங்களும் மோதிக்கொண்டன. மகனுக்கு உண்மையாகவே ஓவியத் திறன் உள்ளதா என்பதை அறிய, ஊர்த் தேவாலயத்தின் சுவருக்கு வண்ணம் பூச வந்திருந்த ஒருவரிடம் தந்தையார் கருத்துக் கேட்டார். அவர் அப்படத்தைப் பார்த்துவிட்டு, இச்சிறுவனுக்குக் கலை வராது என்று தீர்ப்பளித்தார். அன்றுமுதல் வீட்டில் வண்ணங்களுக்கும் தூரிகைகளுக்கும் இடமில்லாமல் போனது. கஹால் மறைவாக வரைந்தார்.

பள்ளியிலும் அவர் பெயர் நல்ல பெயராக இல்லை. மனப்பாடம் செய்வதை வெறுத்தார், தண்டனைகளுக்கு அஞ்சவில்லை. பதினொன்றாம் வயதில் தாமே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் கதவைத் தகர்த்து, சில நாள்கள் சிறையிலும் இருந்தார். மகனைத் திருத்த எண்ணிய தந்தையார், முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் அவரை வேலைக்குச் சேர்த்தார். இரு தொழில்களையும் கஹால் கற்றார்; ஓவியத்தை மட்டும் கைவிடவில்லை.

எலும்புகள் கற்பித்த பாடம்

1868ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் தந்தையார் ஒரு புதுவழியைக் கண்டார். மகனை இடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, அங்கு வெளிப்பட்டுக் கிடந்த மனித எலும்புகளைச் சேகரித்து, அவற்றைக் கொண்டு உடற்கூறியல் கற்பித்தார். பாடநூலின் சொற்களில் பிடிபடாத மகன், எலும்பின் வளைவிலும் பள்ளத்திலும் பிடிபட்டார். ஒவ்வோர் எலும்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதன் வடிவை வரைந்தார், வரைந்தது மறக்கவில்லை. ஒரு பொருளை வரைய வேண்டுமெனில் அதனை முழுமையாகப் பார்த்தாக வேண்டும் என்னும் உண்மை அவருக்கு அங்கே விளங்கியது. தந்தையார் தடுத்த ஓவியமே, தந்தையார் விரும்பிய மருத்துவத்துக்கு வாயிலாயிற்று.

1873ஆம் ஆண்டு சரகோசா நகரில் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், இராணுவ மருத்துவராக அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலங்களுக்கிடையே அமைந்த முகாமில் பணியாற்றிய அவரை மலேரியா கடுமையாகத் தாக்கியது. உடல் நலிந்து 1875ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். இராணுவப் பணியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு அவர் வாங்கிய பொருள் ஒரு நுண்ணோக்கி. தம் வீட்டிலேயே சிறு ஆய்வகம் அமைத்துக்கொண்டார். பின்னர்க் காசநோயும் அவரைத் தாக்கியது. அதிலிருந்து மீண்டு, 1879ஆம் ஆண்டு சில்வேரியா ஃபன்யானாஸ் என்பாரை மணந்தார். குறைந்த வருவாயில் பெரிய குடும்பத்தைக் காத்து, கணவரின் ஆய்வுக்கும் செலவுக்கு இடந்தந்த அவ்வம்மையாரின் துணையின்றிக் கஹாலின் பணி நடந்திருக்காது.

1884ஆம் ஆண்டு வலென்சியா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு அந்நகரில் காலரா பரவியது. அந்நோயைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு நன்றியாகச் சரகோசா மாநில நிருவாகம் உயர்தரமான செய்ஸ் நுண்ணோக்கி ஒன்றை அவருக்கு வழங்கியது. வசதிமிக்க ஆய்வகங்களில் பணிபுரிந்த பிற நாட்டு அறிஞர்களுக்கு இணையான கருவி ஒன்று அப்போதுதான் அவர் கைக்கு வந்தது.

வலையா? தனி மரங்களா?

உயிர்கள் அனைத்தும் செல்களால் ஆனவை என்பது அக்காலத்தில் ஏற்கப்பட்ட உண்மை. ஆனால், மூளை மட்டும் இவ்விதிக்கு விலக்கு எனப் பலர் கருதினர். நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்து, இடைவெளியற்ற ஒரே வலையாக இருக்கின்றன என்பது அவர்களது கொள்கை. அன்றைய நுண்ணோக்கியில் தெரிந்த காட்சியும் அதற்கு இடமளித்தது. நரம்புத் திசு, மரங்களின் கிளைகள் பின்னிக் கிடக்கும் அடர்காடு போன்றது. எந்தக் கிளை எந்த மரத்தினுடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

இக்கருத்து வேறுபாடு சிறியதன்று. மூளை ஒரே வலை என்றால், கண்ணிலிருந்து வந்த செய்தியும் காதிலிருந்து வந்த செய்தியும் ஒரே வெள்ளமாகக் கலந்து எங்கும் பரவும். எச்செய்தி எவ்வழியே சென்றது என்று கூற இயலாது. மூளை தனித்தனிச் செல்களால் ஆனது என்றால், ஒவ்வொரு புலனுக்கும் உரிய பாதையைத் தேடிக் காண முடியும். நாம் எவ்வாறு காண்கிறோம், கேட்கிறோம், உணர்கிறோம் என்ற ஆய்வு தொடங்குவதற்கே இவ்வினாவுக்கு விடை வேண்டியிருந்தது.

விடை காண்பதற்குரிய திறவுகோலை இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்கை 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். உயிரியல் பாடத்தில் நாம் கற்கும் கோல்கை உறுப்பு இவரது பெயரால் வழங்கப்படுவதே. மிலான் நகருக்கு அருகில், ஒரு மருத்துவமனையின் சமையலறையை ஆய்வகமாக்கிப் பணிபுரிந்த அவர், மூளைத் துண்டங்களைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தார். அப்போது திசுவிலுள்ள எண்ணற்ற செல்களில் மிகச் சில மட்டும் முழுமையாகக் கருமை பெற்றன. மற்றவை நிறமற்று நின்றன. காட்டிலுள்ள எல்லா மரங்களும் மறைந்து, ஓரிரு மரங்கள் மட்டும் வேர்முதல் நுனிவரை தெரிவது போன்ற காட்சி அது. இதனைக் கருப்பு வினை என்றனர். ஆயினும், சில வேளை பலித்தும் பல வேளை பொய்த்தும் போன இம்முறையைப் பலர் நம்பவில்லை. கோல்கையோ அதே துண்டங்களில் வலையையே கண்டார்.

1887ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில், மருத்துவர் லூயிஸ் சிமார்ரோ இம்முறையில் உருவாக்கிய துண்டம் ஒன்றைக் கஹாலுக்குக் காட்டினார். வெளிர்மஞ்சள் பின்புலத்தில் மை கொண்டு வரைந்தது போலக் கருமையாக நின்ற நரம்புச் செல்லைக் கண்ட கஹால், தம் வாழ்நாட்பணி எது என்பதை அந்நொடியில் அறிந்தார். அப்போது அவருக்கு வயது 35.

சிறகு முளைக்கும் முன்

அவ்வாண்டே பார்சிலோனா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்ற கஹால், கருப்பு வினையைச் செம்மைப்படுத்தினார். துண்டங்களை இருமுறை ஊறவைத்துச் செல்கள் நன்கு நிறமேற வழி செய்தார். அதனினும் சிறந்தது அவரது மற்றோர் உத்தி. வளர்ந்த காட்டில் மரங்களைப் பிரித்தறிவது அரிது, நாற்றங்காலில் எளிது. ஆகவே, பறவைகளின் கருக்களையும் இளங்குஞ்சுகளையும் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். இளம் மூளையில் நரம்பிழைகள் குட்டையானவை. அவற்றைச் சுற்றிக் கொழுப்புறை இன்னும் வளராததால் நிறமும் நன்கு ஏறியது.

பறவைகளின் சிறுமூளையில் அவர் கண்ட காட்சி தெளிவானது. ஒரு செல்லின் இழை மற்றொரு செல்லை நெருங்கியது; கூடை போலச் சூழ்ந்தது; கொடி போலப் படர்ந்தது. ஆனால், எங்கும் அதனோடு ஒன்றாகக் கலக்கவில்லை. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்த உயிரலகு. செல்கள் ஒன்றையொன்று நெருங்கி நின்றே செய்தியைக் கடத்துகின்றன என அவர் முடிவு செய்தார். வில்ஹெல்ம் ஹிஸ், ஆகஸ்ட் ஃபோரெல் ஆகிய சுவிட்சர்லாந்து அறிஞர்கள் இக்கருத்தை முன்பே ஊகித்திருந்தனர். அதற்குக் கண்கூடான சான்றுகளைத் தொடர்ந்து அளித்தவர் கஹால்.

கண்டதை உலகுக்குச் சொல்வது எளிதாக இல்லை. அறிவியல் உலகம் ஜெர்மனியையும் பிரான்சையும் நோக்கியிருந்த காலம் அது. ஸ்பானிய மொழியில் வரும் ஆய்வை யாரும் தேடிப் படிப்பதில்லை. கஹால் தம் கைப்பொருளைச் செலவிட்டு, 1888ஆம் ஆண்டு மே மாதம் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அச்சிட்டவை 60 படிகள் மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவற்றை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். போதிய எதிர்வினை வரவில்லை.

மனந்தளராத கஹால், 1889ஆம் ஆண்டு அக்டோபரில் தம் நுண்ணோக்கியையும் கண்ணாடித் துண்டங்களையும் பெட்டியில் எடுத்துக்கொண்டு பெர்லின் நகரில் நடந்த உடற்கூறியலாளர் மாநாட்டுக்குச் சென்றார். அவருக்கு ஜெர்மன் மொழியில் பேசவராது. பிரெஞ்சு மொழியையும் தட்டுத்தடுமாறியே பேசினார். ஆகவே, சொற்களை விடுத்துத் துண்டங்களைப் பேசவிட்டார். அறிஞர்களை ஒவ்வொருவராக அழைத்து நுண்ணோக்கியில் காணச் செய்தார். ஐயத்தோடு குனிந்தவர்கள் வியப்போடு நிமிர்ந்தனர். அவர்களுள் ஒருவர், அக்காலத் திசுவியலாளர்களுள் மூத்தவரான ஆல்பர்ட் ஃபோன் கோலிக்கர். எழுபது வயதைக் கடந்த அப்பெரியவர் வலைக் கொள்கையை ஏற்றிருந்தவர். சான்றைக் கண்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கஹாலின் எழுத்துகளை நேரடியாகப் படிப்பதற்காக ஸ்பானிய மொழியையும் கற்றார். 1891ஆம் ஆண்டு ஜெர்மன் அறிஞர் வால்டேயர் இத்தனிச் செல்லுக்கு நியூரான் என்று பெயரிட்டார்.

புலன்கள் காட்டிய திசை

செல்கள் தனித்தனியானவை என்பது நிறுவப்பட்டது. அடுத்து எழுந்த வினா இன்னும் கடினமானது. ஒரு நியூரானில் ஒருபுறம் கிளைகள் போன்ற டெண்ட்ரைட்டுகள் உள்ளன. மறுபுறம் நீண்ட இழையாகிய ஆக்சான் உள்ளது. செய்தி எதன்வழி நுழைந்து எதன்வழி வெளியேறுகிறது? நுண்ணோக்கியில் தெரிவது உயிரற்ற திசு. அதில் எதுவும் ஓடுவதில்லை. நின்றுபோன ஆற்றின் வறண்ட தடத்தைக் கொண்டு, நீர் எத்திசையில் ஓடியது என்று கூறுவது போன்றது அவ்வினா.

கஹால் அதற்கான விடையைப் புலனுறுப்புகளில் தேடினார். மூளையின் உட்பகுதியில் செய்தியின் திசை தெரியாது. ஆனால், புலனுறுப்பில் தெரியும். செய்தி உலகிலிருந்து மூளைக்குத்தான் செல்லும். கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பெறும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஒரு முனையில் உள்ளன. மூளையை நோக்கிச் செல்லும் பார்வை நரம்பு மறுமுனையில் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே இருமுனை நியூரான்களும் கேங்கிலியான் நியூரான்களும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஆக, தொடக்கமும் முடிவும் தெரிந்த பாதை இது. இப்பாதையில் ஒவ்வொரு நியூரானின் டெண்ட்ரைட்டுகளும் ஒளி பெறும் பக்கத்தை நோக்கியே இருந்தன. ஆக்சான் மூளையின் பக்கத்தை நோக்கியே இருந்தது.

மூக்கிலும் அவ்வாறே. மூக்கின் மேற்பகுதியில் மணத்தை உணரும் செல்களின் இழைகள், மூளையின் அடியிலுள்ள நுகர்ச்சிக் குமிழுக்குள் சென்று, அங்குள்ள நியூரான்களின் டெண்ட்ரைட்டுகளைச் சந்திக்கின்றன. அந்நியூரான்களின் ஆக்சான்கள் மூளைக்குள் மேலும் செல்கின்றன. கண்ணும் மூக்கும் தனித்தனியே ஒரே விடையைத் தந்தன. டெண்ட்ரைட்டும் செல்லின் உடலும் செய்தியைப் பெறுகின்றன. ஆக்சான் அதனைக் கடத்துகிறது. 1891ஆம் ஆண்டு கஹால் இதனை ஒரு விதியாக வெளியிட்டார். அதன்பின் அவரது ஓவியங்களில் சிறுசிறு அம்புக்குறிகள் இடம்பெறத் தொடங்கின. உயிரற்ற திசுவின் படத்தில் செய்தியின் ஓட்டத்தைக் காட்டிய அக்குறிகள், மூளையைப் படிக்கும் முறையையே மாற்றின.

விழித்திரையை அவர் மேலும் ஆராய்ந்தார். ஒளியைப் பெற்றவுடன் அதனை அப்படியே மூளைக்கு அனுப்பும் திரையாக அது இல்லை. மனிதக் கண்ணொன்றில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 இலட்சம் கூம்பு செல்களும் உள்ளன. ஆனால், பார்வை நரம்பில் உள்ள இழைகளோ ஏறத்தாழ 10 இலட்சமே. எனவே, பல செல்களின் செய்தி ஒன்றாகத் திரட்டப்பட்டே மூளைக்குச் செல்கிறது. விழித்திரையின் ஓரப் பகுதிகளில் பல குச்சி செல்கள் ஒரே பாதையில் இணைகின்றன. அதனால் மங்கிய ஒளியும் அங்கு உணரப்படுகிறது. உருவம் மட்டும் தெளிவாக இருப்பதில்லை. விழித்திரையின் மையக் குழியிலோ ஒவ்வொரு கூம்பு செல்லுக்கும் தனிப்பாதை அமைந்துள்ளது. அதனால் அங்கு விழும் உருவம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. இவ்வரியைப் படிக்கும்போது நாம் நோக்கும் சொல் மட்டும் தெளிவாகவும், பக்கத்தின் ஓரத்திலுள்ள சொற்கள் தெளிவற்றும் இருப்பதற்குக் காரணம் இவ்வமைப்பே. காட்சியைத் தேர்ந்து, திரட்டி, சுருக்கி அளிக்கும் வேலை கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது.

தம் விதிக்கு ஒத்துவராதவற்றையும் கஹால் மறைக்கவில்லை. விழித்திரையில் ஆக்சானே இல்லாத ஒருவகைச் செல்லை அவர் கண்டார். அதற்கு, நீண்ட இழை இல்லாதது என்னும் பொருளில் அமக்ரைன் செல் என்று பெயரிட்டார். ஆக்சான் இல்லாத செல்லில் செய்தி எத்திசையில் செல்லும் என்பது அவருக்குப் புதிராகவே இருந்தது. அப்புதிரையும் தம் நூல்களில் பதிவு செய்தார்.

தெரிந்து தெளிவோம்

நியூரான்கள் செய்தியைக் கடத்தும் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். இச்சொல்லை 1897ஆம் ஆண்டு ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் அறிமுகப்படுத்தினார். பெரும்பாலான சினாப்சுகளில் இரு நியூரான்களுக்கு இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு. மின்சைகையாக வரும் செய்தி, வேதிப்பொருளின் துணையால் இவ்விடைவெளியைக் கடக்கிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன.

ஒரே மேடையில் இருவர்

1892ஆம் ஆண்டு மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான கஹால், 1894ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் அழைப்பை ஏற்றுச் சிறப்புரை ஆற்றினார். மனிதர், முதுகெலும்புள்ள விலங்குகள் ஆகியோரின் நரம்பு மண்டல அமைப்பைப் பற்றிய அவரது பெருநூல் 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

1906ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு, நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்தமைக்காகக் கோல்கை, கஹால் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முறையைக் கண்டறிந்தவரும் அம்முறையால் உண்மையைக் கண்டவரும் ஸ்டாக்ஹோம் நகரில்தான் முதன்முதலாக நேரில் சந்தித்துக்கொண்டனர். டிசம்பர் 11ஆம் நாள் கோல்கை தம் உரையில் நியூரான் கொள்கையை மறுத்து, வலைக் கொள்கையையே மீண்டும் நிலைநாட்ட முயன்றார். மறுநாள் கஹாலின் முறை. அவர் தாம் கண்ட சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஒரே பரிசைப் பெற்ற இருவர், அடுத்தடுத்த நாள்களில், ஒரே மூளையைப் பற்றி நேர்மாறான முடிவுகளை அறிவித்தது அறிவியல் வரலாற்றில் அரிய நிகழ்வாகும்.

இருவர் கண்களிலும் விழுந்தது ஏறத்தாழ ஒரே காட்சி. ஆயினும், முன்பே கொண்ட கருத்து ஒருவரை வலையைக் காணச் செய்தது. கஹாலோ கண்டதை வரைந்தார். வரைந்ததை மீண்டும் துண்டத்தோடு ஒப்பிட்டார். பிழைபட்ட படங்களை விடுத்து மீண்டும் வரைந்தார். புலன்கள் தரும் செய்திக்கு மூளையே பொருள் காண்கிறது என்பதற்கு அவ்விருவரின் கருத்து மோதலே ஒரு சான்றாக அமைந்தது. கோல்கையின் முறையின்றிக் கஹால் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிலைத்த புகழ்

பணி ஓய்வுக்குப் பின்னும் ஆய்வைத் தொடர்ந்த கஹால், 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில், தம் 82ஆம் வயதில் மறைந்தார். நியூரான்களுக்கு இடையே இடைவெளி உண்டு என்று அவர் உறுதியாகக் கூறினாரேயன்றி, அவர் காலத்து எந்த நுண்ணோக்கியாலும் அதனைக் காண முடியவில்லை. 1950களில் மின்னணு நுண்ணோக்கி அவ்விடைவெளியைத் தெளிவாகக் காட்டியது. சில இடங்களில் நியூரான்கள் நுண்துளைகளால் நேரடியாக இணைந்திருப்பதையும் பிற்கால ஆய்வுகள் கண்டறிந்தன. எனினும், தனித்தனி நியூரான்கள் செய்தியைப் பெற்றுத் திசையறிந்து கடத்துகின்றன என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை.

கஹால் வரைந்த ஆயிரக்கணக்கான ஓவியங்கள் மாட்ரிட் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. அவரது ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டு உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. கலை வராது என்று தீர்ப்பளிக்கப்பட்ட சிறுவனின் கைவண்ணம், மருத்துவம் பயிலும் மாணவர்களின் நூல்களில் இன்றும் இடம்பெற்றுப் பார்வையின் வழியையும் மணத்தின் வழியையும் காட்டிக்கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. இப்பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லில் பார்வையை நிறுத்துக. கண்களை அசைக்காமல் அச்சொல்லைச் சுற்றி எத்தனை சொற்களைத் தெளிவாகப் படிக்க முடிகிறது எனக் கண்டு, அதற்கான காரணத்தை எழுதுக.

2. ஒரு பூவையோ இலையையோ ஐந்து நிமிடம் உற்றுநோக்கி, பின்னர் அதனைப் பாராமல் வரைக. படத்தைப் பொருளோடு ஒப்பிட்டு, முதல் பார்வையில் தவறவிட்டவற்றை வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா
1. கருப்பு வினையின் சிறப்பு யாது?
2. அமக்ரைன் செல் கஹாலுக்குப் புதிராக இருந்தது ஏன்?

சிறுவினா
1. கஹால் இளம் உயிர்களின் மூளையை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை விளக்குக.
2. பெர்லின் மாநாட்டில் கஹால் தம் கண்டுபிடிப்பை நிலைநாட்டிய முறையை எழுதுக.

நெடுவினா
நியூரானில் செய்தி செல்லும் திசையைப் புலனுறுப்புகளின் துணைகொண்டு கஹால் கண்டறிந்த வகையைக் கட்டுரையாக எழுதுக.